கார்க் கொன்றையும் கணிக் கொன்றையும்

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு சங்க இலக்கியம் பயில்வோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மேட மாதம் முதல் நாள் விடியற்காலையில், உருளியில் அரிசியும் கணிவெள்ளரியும் நாணயமும் கண்ணாடியும் வைத்து, அவற்றின் மேல் பொன்னிறப் பூங்கொத்தைச் சார்த்தி, கண் விழித்ததும் முதற்காட்சியாகக் காணும் நாட்டில் நாம் வாழ்கிறோம். அப்பூ கொன்றை. அந்நாளே நமக்குச் சித்திரை முதல் நாள். 1956 வரை இந்நாட்டோடு இணைந்திருந்த நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களிலும் சித்திரை விஷுவும் கணி காணலும் பழகிப்போன வழக்கங்களே. ஆகவே இங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்குக் கொன்றை என்றால் வெயிலின் பூ, பள்ளி விடுமுறையின் பூ, இளவேனில் தொடக்கத்துப் பூ. அப்பிள்ளை வளர்ந்து குறுந்தொகையைத் திறந்தால், அங்கே கொன்றை கார்காலத்துப் பூவாக நிற்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார் என்பது இலக்கண மரபு. சித்திரைக்கும் ஆவணிக்கும் நான்கு மாத இடைவெளி உண்டு.

இவ்விடைவெளியை எளிதில் கடந்துவிட இரண்டு விடைகள் வழக்கில் உள. சங்கச் சான்றோர் பாடிய கொன்றை வேறு மரம் என்பது ஒன்று. புலவர்கள் மரத்தைப் பார்த்துப் பாடவில்லை. முல்லைக்குக் கார் என்று வகுத்த புலனெறி வழக்கைப் பார்த்துப் பாடினார்கள் என்பது மற்றொன்று. முதல் விடை மரத்தை மாற்றுகிறது. இரண்டாவது விடை புலவர்களின் கண்ணைப் பறிக்கிறது. இரண்டினும் இரண்டாவதே பெருங்கேடு செய்வது. ஏனெனில் அது பாட்டின் உயிரையே தொட்டுவிடுகிறது. குறுந்தொகையின் 21-ஆம் பாட்டையும் 66-ஆம் பாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஓதலாந்தையார் பாடிய 21-ஆம் பாட்டில் தலைவி பேசுகிறாள். காரில் வருவேன் என்று சொல்லிப் பிரிந்தவன் வரவில்லை; காடு முழுதும் கொன்றை பூத்துவிட்டது. 'காடு தன் புதுப்பூவைக் காட்டி இது கார் என்று சொன்னாலும் நான் தேற மாட்டேன். அவர் பொய் சொல்லாதவர்' என்பது அவள் கூற்று. கோவர்த்தனார் பாடிய 66-ஆம் பாட்டில் தோழி பேசுகிறாள். 'இக்கொன்றைகள் அறிவில்லாதவை, பருவம் வருமுன்பே, வம்பாகப் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டன' என்று சொல்லித் தலைவியைத் தேற்றுகிறாள். வம்பு என்ற சொல் இன்று தெருச் சண்டைக்கும் ஊர்ப் பேச்சுக்கும் உரியதாய்விட்டது; அக்காலத்தில் அது நிலையில்லாத புதுமையைக் குறித்தது. வழி தவறி வந்த மழை என்று கொள்ளலாம்.

இவ்விரண்டு பாட்டிலும் கொன்றை ஒரு சாட்சி. வழக்கு, தலைவன் சொல் தவறினானா என்பது. தலைவி சாட்சியைக் குறை கூறவில்லை. சாட்சி சொல்வதைவிடத் தலைவன் சொல்லுக்கு எடை மிகுதி என்று அமைகிறாள். தோழியோ சாட்சியையே குறுக்கு விசாரணை செய்து, இதன் சொல் நம்பத்தக்கதன்று என்கிறாள். நம்பிக்கை உடையவள் ஒருத்தி. நம்பிக்கையைப் பிறர்க்கு ஊட்ட வேண்டியவள் மற்றொருத்தி. பேச்சின் போக்கிலேயே இவ்வேறுபாடு தெரிகிறது.

இனி 21-ஆம் பாட்டின் உவமையை நோக்குக. கொன்றைப் பூங்கொத்துகள் பொன்னணி கோத்து முடித்த மகளிர் கூந்தல்போல் தோன்றுகின்றன என்கிறாள் தலைவி. பொன் இடையிடையே மின்ன வேண்டுமானால் அதைச் சூழக் கருமை வேண்டும். அக்கருமை தழைதான். விஷுக் காலத்துக் கொன்றையை நாம் அறிவோம்: இலை பெரும்பாலும் உதிர்ந்து, மரம் முழுதும் மஞ்சளாய்ச் சரம் சரமாகத் தொங்கும், ஒன்றரை அடி, இரண்டடி நீளச் சரங்களும் உண்டு. அதைப் பார்த்து ஒருவர்க்குப் பொற்குவியல் நினைவுக்கு வரலாம்; கூந்தல் நினைவுக்கு வராது. தழைத்த மரத்தில் இலைகளின் ஊடே பூங்கொத்து எட்டிப் பார்க்கும்போதுதான் அவ்வுவமை பிறக்கும். கொன்றை கோடையில் பெருக்கமாகப் பூத்து ஓய்ந்தபின், மழை கண்டு தழைத்த நிலையில் சில மரங்கள் மறுபடியும் ஓரளவு பூப்பதைத் தென்னாட்டில் எவரும் காணலாம். ஓதலாந்தையார் கண்டது இந்த இரண்டாம் பூப்பு என்று கொள்வதில் தடை என்ன? மரம் ஒன்றே, பூப்பு இரண்டு. தமிழ்ப் பாட்டு மழைப் பூப்பை எடுத்துக்கொண்டது. மலையாள வழக்கு வெயில் பூப்பை எடுத்துக்கொண்டது.

இதை ஏற்றுக்கொண்டால் 66-ஆம் பாட்டு முற்றிலும் வேறொரு ஒளியில் தெரியும். அப்பாட்டின் பழைய கூற்றுக் குறிப்பு, பருவம் கண்டு வருந்திய தலைவியிடம் தோழி 'இது பருவம் அன்று' என வற்புறுத்தியது என்ற கருத்தில் அமைந்தது. குறிப்பை முதலில் படித்துவிட்டுப் பாட்டுக்குள் நுழையும் நாம், கார் வந்துவிட்டது, தோழி பொய் சொல்கிறாள் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம். பிறகு, நன்மை பயக்குமானால் பொய்யும் வாய்மையின் இடத்தது என்ற வள்ளுவர் கருத்தைத் துணைக்கு அழைத்து, தோழியை மன்னித்தும் விடுகிறோம். வகுப்பறைகளில் இவ்விளக்கம் பன்முறை கேட்டதே. ஆயின் பாட்டுக்குள் கார் வந்துவிட்டது என்று சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. மழை பெய்தது உண்மை. பூ பூத்தது உண்மை. அது எந்த மழை என்பதுதான் கேள்வி. கொன்றையோ வெயிலிலும் பூக்கும், மழையிலும் பூக்கும். இதன் சாட்சியம் எக்காலத்தும் ஐயத்துக்கு இடமானது. தோழி தேர்ந்தெடுத்த மரம் இது என்பதை மறத்தல் ஆகாது. அவள் சொல்வது பொய்யாக இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். தலைவி அதைப் பற்றிக்கொள்ள முடிவதும் அதனால்தான். முழுப் பொய் எவரையும் ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் தேற்றாது.

நற்றிணையில் இளந்திரையனார் பாடிய 99-ஆம் பாட்டோடு ஒப்பிட்டால் கோவர்த்தனாரின் நுட்பம் பின்னும் தெளிவாகும். அங்கும் தோழி இதே வாதத்தைச் செய்கிறாள். ஆனால் பிடவம், கொன்றை, கோடல் என மூன்றையும் சேர்த்து மடமை என்ற குற்றத்தில் நிறுத்துகிறாள். கோடல் என்பது வெண்காந்தள் என்பர் உரைகாரர். அது நிலத்துக்கடியில் கிழங்காய் உறங்கி, மழை கண்டு முளைத்து, கொடியாகிப் பூப்பது. ஒருநாள் மழைக்கு ஏமாந்து மறுநாள் பூத்துவிடும் செடி அன்று. அது பூத்திருக்கிறது என்றால் வாரக்கணக்கில் மழை நின்று பெய்திருக்க வேண்டும். இதனை ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் தோழியின் வழக்கு தளர்கிறது. தளர்ச்சியை மறைக்க அவள் மேகத்தின் மேலும் குற்றம் சாட்ட வேண்டியதாகிறது: மறதியால் கடலை முகந்துவிட்ட மேகம், சுமை தாங்காமல் கொட்டிவிட்டதாம். அழகிய கற்பனைதான், எனினும் வாதத்தின் வலிமை குன்றும் இடத்தில் கற்பனை பெருகுகிறது என்றே எனக்குப் படுகிறது. குறுந்தொகை 251-இல் இடைக்காடரும் மயில்களை மடமை உடையன என்று பழித்து, பிடவம் பூத்ததையும் சொல்லி, வானம் பழநீரை உதறுகிறது என்று விளக்கம் தருகிறார். அதிலும் விளக்கம் நீளுகிறது. கோவர்த்தனார்க்கு இவ்வளவு வேண்டியிருக்கவில்லை. ஒரே மரம், ஒரே மழை; அத்தோடு நிறுத்திவிட்டார். நான்கனுள் இதுவே சிறந்தது என்பேன்.

பூவின் இயல்பு தெரியாமல் இப்பாட்டுகளின் தரத்தை எடைபோட இயலாது. நம் பதிப்புகளின் அருஞ்சொற்பொருள் பகுதிகளோ, பிடவம் 'ஒரு செடி', கொன்றை 'ஒரு மரம்', கோடல் 'ஒரு பூ' என்று சொல்லிக் கடமையை முடித்துக்கொள்வன மிகப் பல. ஒரு மரம் என்பது தெரியாமலா வாசகர் நூலைக் கையில் எடுத்தார்? 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஏட்டுச் சுவடியிலிருந்து பாடத்தை மீட்டதே பெரும்பணி. அவர்மேல் குறை சொல்வது நன்றியன்று. அவர்க்குப் பின் வந்தோர் பணி காட்டுக்குப் போய்ப் பார்ப்பது. பி. எல். சாமி செடிகொடி விளக்கம் எழுதியும், கு. சீநிவாசன் சங்க இலக்கியத் தாவரங்களைத் தொகுத்தும் அவ்வழியில் நடந்தார்கள். அவர்கள் நூல்களைத் தாவரவியலார் வாசித்த அளவு திறனாய்வாளர் வாசித்ததாகத் தெரியவில்லை. செடியை இனங்காண்பதோடு வேலை முடிவதில்லை. அச்செடி எப்போது, எந்நிலையில் பூக்கிறது என்பதே பாட்டுக்கு வேண்டும்.

பெயரைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஏனெனில் பெயர்கள்தாம் இக்குழப்பத்தின் பாதிக்குக் காரணம்.

கொன்றை மலையாளத்தில் கொன்ன ஆயிற்று. கன்று கன்னாவதும், ஒன்று ஒன்னாவதும் போன்ற முறையான திரிபே இது. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலின் முதற்றொகுதியிலேயே கொன்ன என்ற பெயரும் படமும் இடம்பெற்றுவிட்டன. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற நாட்டு மருத்துவரின் துணையோடு தொகுத்த நூல் அது. கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து அதனை மொழிபெயர்க்க, இவ்வூர்க் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் வெளியிட்டது. பெயரையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்நூலைப் பார்க்கும்போது, இதழி, கடுக்கை என்று பெயர்மேல் பெயராக அடுக்கிச் செல்லும் நம் நிகண்டுகளின் நிறையும் குறையும் ஒருங்கே தோன்றும். நிகண்டு செய்யுள் யாப்போர்க்குச் சொல் தந்தது. மரத்தைக் காட்டித் தரவில்லை.

ஒரு மரத்தின் பெயரைக் கேட்டால், பெயரிட்டவர் அம்மரத்தின் எப்பகுதியைப் பார்த்தார் என்பது தெரியும். வடமொழி மருத்துவர் ஆரக்வதம் என்றனர். நோயை அழிப்பது என்பது பொருள். அவர் கண் காயின் உள்ளிருக்கும் புளிச்சதைமேல் இருந்தது. அது மென்மையான பேதி மருந்து. லின்னேயஸ் 1753-இல் 'காசியா ஃபிஸ்டுலா' என்று எழுதினார். ஃபிஸ்டுலா என்றால் குழல். அவர்க்கும் காய்தான் முன்னின்றது. ஆங்கிலப் பேச்சு வழக்கில் இது பொன்மழை. ஆங்கிலேயர்கூட இதில் மழையைக் கண்டது வியப்பே. வட இந்தியர்க்கு அமல்தாஸ். தமிழில் சரக்கொன்றை என்ற பெயர் பூங்கொத்தின் தொங்கலைப் பார்த்தது. ஏ. கே. ராமானுஜன் 1967-இல் வெளியிட்ட தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் 66-ஆம் பாட்டைச் சேர்த்தபோது காசியா என்ற சொல்லையே ஆண்டார். ஆங்கில வாசகர்க்கு அச்சொல் இலவங்கப்பட்டை இனத்து மணப்பொருளையும் நினைவூட்டும். ஆயினும் ஏமாளி மரம் என்ற குறிப்பை அவர் மொழிபெயர்ப்பு இழக்கவில்லை.

காளிதாசர் குமாரசம்பவத்தின் மூன்றாம் சருக்கத்தில், கர்ணிகாரத்துக்கு நிறம் இருந்தும் மணம் இல்லாமற் போயிற்றே என்று படைப்பைக் குறை கூறுகிறார். அங்கே பருவம் வசந்தம். கர்ணிகாரம் கொன்றையே என்பாரும், அது வேறு மரம் என்பாரும் உளர். கொன்றை என்பார் கூற்றை ஏற்றால், வடபுலக் கவிஞர்க்கு அது மணமில்லாத வேனிற்பூ. புறநானூற்றிலும் அகநானூற்றிலும் கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனாரோ சிவபெருமானின் கொன்றையை இரண்டிடத்தும் காரோடு சேர்த்தே பேசுகிறார். ஓரிடத்தில் அதற்கு நறுமணமும் தருகிறார். கொன்றைப் பூவை முகர்ந்தவர் அறிவர், மெல்லிய மணம் அதற்கு உண்டு. இதில் நம் புலவர் பக்கமே நியாயம் இருப்பதாகச் சொல்வது தமிழ்ப்பற்று என்று எவரும் கொள்ள வேண்டா.

இனிக் கணிக்கொன்ன என்ற பெயர். கணி என்றால் இங்கே காட்சி. விஷுவன்று முதலில் காண்பது. தமிழிலோ கணி என்றால் காலத்தைக் கணித்துச் சொல்பவன். பிற்கால அகநூல்களில் வேங்கை மரத்துக்குக் கணி என்ற பெயர் வழங்கும். தினை கொய்யும் காலத்தைத் தவறாமல் பூத்துக் காட்டுவதால் வந்த பெயர் அது. இரு சொற்களின் வேர் வேறு. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்ப் புலவர் வேங்கையைக் காலங்கணிக்கும் சோதிடனாக்கி, கொன்றையைக் காலமறியாப் பேதையாக்கினர். மேற்குமலைக்கு இப்பால், அப்பேதைக்கே கணி என்ற அடைமொழி கிடைத்து, நாட்காட்டியின் முதற்பக்கத்தில் இடமும் கிடைத்தது. இன்று அது கேரள மாநிலத்தின் மலர்.

விழாவின் பெயரைப் பூவுக்கு இடுவது நம் நாட்டு வழக்கம் மட்டும் அன்று. வட அமெரிக்கப் புல்வெளிகளில் பனி முற்றும் உருகுமுன்பே நிலத்தை ஒட்டிப் பூக்கும் ஊதாநிறச் சிறுபூ ஒன்று உண்டு. அதற்குப் 'பாஸ்க்' பூ என்று பெயர். பாஸ்க் என்பது உயிர்த்தெழுந்த திருநாளைக் குறிக்கும் பழம் பிரெஞ்சுச் சொல். அதன் ஐரோப்பிய இனத்துக்கு அப்பெயரை இட்டவர் தாமே என்று ஆங்கிலச் செடிநூலாசிரியர் ஜான் ஜெரார்டு 1597-இல் எழுதிவைத்தார். தெற்கு டகோட்டா 1903-இலும் கனடாவின் மானிட்டோபா 1906-இலும் அதைத் தம் மலராக ஏற்றன. மானிட்டோபா மக்கள் அதைக் 'குரோக்கஸ்' என்றே அழைக்கின்றனர். அது குரோக்கஸ் இனமே அன்று. புதுநாட்டில் குடியேறியவர்கள் பழைய ஊரின் பூப்பெயரைப் புதுப்பூவின் மேல் போர்த்தினார்கள். இங்கும் அப்படித்தான்: சீமைக்கொன்ன என்று மலையாளத்தில் அழைக்கப்படும் வேலிமரம் வெண்சிவப்பாகப் பூப்பது, கொன்றையோடு நெருங்கிய உறவில்லாதது. வயநாட்டுக் காடுகளை வளைத்துக்கொண்டிருக்கும் மஞ்சட்கொன்ன அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது; அதை வேரறுக்க வனத்துறை பெரும்பாடு படுகிறது. நாளை ஓர் உரைகாரர் மஞ்சட்கொன்றை என்ற பெயரைக் கண்டு சங்கப் பாட்டுக்கு இம்மரத்தைப் பொருத்திவிடாமல் இருக்க வேண்டும்.

பெயர் நிலைத்துவிட்டது, பூவின் நாள் நிலைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் கொன்றை மாசியிலேயே பூக்கத் தொடங்கி, விஷு வரும்போது பல மரங்களில் பூ உதிர்ந்துவிடுவதைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. கோடையின் வெம்மையையும் மழையின் மாறாட்டத்தையும் காரணமாகச் சுட்டுகின்றனர். விஷுச் சந்தைகளில் துணியாலும் நெகிழியாலும் செய்த கொன்றைச் சரங்கள் தொங்குவதைக் காண்கிறோம். அவை ஒருநாளும் பருவம் தவறுவதில்லை. கோவர்த்தனாரின் தோழி இன்று பேசினால் அவள் சொல்லை மறுப்பவர் இருக்க மாட்டார். அவள் கற்பித்துச் சொன்ன வம்ப மழை இப்போது வழக்கமான மழையாகிக்கொண்டிருக்கிறது.

இவ்வூரில் வாழ்ந்து 2006-இல் மறைந்த கவிஞர் அய்யப்பப் பணிக்கர் கணிக்கொன்றையைப் பற்றிப் பாடிய கவிதையை மலையாளம் அறிந்தோர் அனைவரும் அறிவர். அதில் கொன்றையே பேசுகிறது. விஷுக்காலம் வந்துவிட்டது, நான் கணிக்கொன்றையாயிற்றே, பூக்காமல் இருக்க என்னால் ஆகுமா என்பது அதன் கேள்வி. பணிக்கர் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து பல இலக்கியங்களைக் கற்றவர். இக்கவிதைக்கும் குறுந்தொகைக்கும் நேர்த் தொடர்பு உண்டு என்று நிறுவுவது என் நோக்கமன்று. ஆனால் இரண்டையும் தெரிந்த நம்மைப் போன்றோர் காதில் அது விடையாகவே ஒலிக்கிறது. தோழி மடமை என்று சாட்டிய குற்றத்துக்கு, பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து மரம் சொன்ன மறுமொழி: அறிவின்மையால் அன்று, ஆற்றாமையால் பூத்தேன். சங்கப் பாட்டுகளில் கொன்றையைக் குறைகூறியவர் உண்டு, நம்ப மறுத்தவர் உண்டு, கொன்றையைக் கேட்டவர் இல்லை. ஓதலாந்தையாரின் தலைவி மட்டும் காடு ஏதோ சொல்வதாக ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட அதே மூச்சில் காதைப் பொத்திக்கொண்டாள்.